பெட்ரோல் ஏறாத வண்டி

ஓடிக்கொண்டிருக்கும் கார், பெட்ரோல் கிடைக்காமல் நிற்கப்போகிறது என்றால் முதலில் இருமும். நெஞ்சில் சளி கட்டிய குழந்தையைப் போல இரண்டு மூன்று தடவை உடம்பைக் குலுக்கி இருமிவிட்டு இன்ஜின் அடங்கிப்போகும். அதற்குப் பிறகும் வண்டி கொஞ்ச தூரம் உருண்டுகொண்டுதான் இருக்கும்; சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நெரிபடுகிற ஓசை மட்டும் கேட்கும். அதுவும் நின்றதும், அதுவரை எங்கே இருந்தது என்று தெரியாத காற்று கரிசல் காட்டுக்கு மேலாக வந்து ஜன்னலில் மோதும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை முழுவதும் இந்த மூன்று சத்தங்களையும் இதே வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்.

அப்பா கோவில்பட்டி கார் ஸ்டாண்டில் வாடகைக் கார் ஓட்டினார். பெயர் செல்லத்துரை, ஸ்டாண்டில் எல்லாருக்கும் துரை அண்ணாச்சி. வெள்ளை நிறக் கார், பழையது, ஆனால் அவருடைய சொந்த வண்டி. சுற்றுப்பட்டு ஊர்களில் வயதானவர்கள் அதை இன்னும் ‘பிளசர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதற்கு முன்பாகக்கூட அதை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் அப்பா சட்டை போடுவார். அம்மா வாசற்படியில் வேதப் புத்தகத்தோடு நின்றுகொண்டு, “உங்கப்பாவுக்கு நான் ரெண்டாந்தாரம்டி, மூத்தவ அந்தா நிக்கா பாரு” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். எங்கள் மூன்று பேருக்குள் வழங்கி வந்த வேடிக்கை அது.

அந்த வருஷம் பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில் அம்மாவுக்கு நெஞ்சு வலி வந்தது. உள்ளூர் டாக்டர், தாமதிக்காமல் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மாவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, பங்கில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அப்பா தனியாகத்தான் புறப்பட்டுப் போனார். இடைசெவலைத் தாண்டி, கயத்தாறு வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. என்ன செய்தும் கிளம்பவில்லை. கடைசியில் ஒரு லாரிக்காரர் இரங்கி நிறுத்திய நேரத்தில், தானே மனம் மாறியதுபோல கார் கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயந்தரமே அம்மா இறந்துபோனாள். இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். சொன்னவர் அதை அடுத்த நாளே மறந்திருப்பார்.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் போனதும் அப்பா காரின் பானெட்டைத் திறந்தார். அதற்குப் பிறகு பல வாரங்கள் அது மூடியிருந்து நான் பார்த்த நேரம் குறைவு. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பெட்ரோல் பம்பை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். டேங்கை இறக்கி அலசினார், குழாயில் வாயை வைத்து ஊதி அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் முடித்து ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டினால் வண்டி நன்றாக ஓடும். வெளியூருக்கு எடுத்தால் எங்காவது ஓரிடத்தில் இருமிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரம் போனால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறை வைத்திருந்த காளிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறது.

“நீங்க சொல்லுததைப் பாத்தா பெட்ரோல்தான் ஏறல அண்ணாச்சி. கரன்ட்டுல ஒரு கொறையும் இல்ல. ஆனா இங்கன வந்தா நல்லால்லா ஓடுது. ஓடுத வண்டியில எதைன்னு பாக்க?”

‘பெட்ரோல் ஏறல’ என்ற அந்த வார்த்தையோடுதான் அப்பா காலையில் எழுந்திருப்பார். சாப்பிடும்போது கை அப்படியே நின்றுவிடும். கண் சுவரில் இருக்கும், யோசனை மட்டும் டேங்கிலிருந்து குழாய் வழியாக, பம்பு வழியாக கார்பரேட்டர் வரைக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். அம்மாவைப் பற்றி அவர் பேசவே இல்லை. பேசினால் நானும் பேசலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

தூத்துக்குடியிலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் தங்கை. இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டுப் புறப்படும்போது கொல்லையில் அப்பாவிடம் சொன்னாள்.

“அத்தான், நீங்க வண்டிக்கடியில கெடக்கீய, பிள்ள வாசல்ல உக்காந்திருக்கா. ஜூன் மாசம் எங்க ஊர் ஹாஸ்டல்ல சேத்துருவோம். நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதேன்.”

அப்பா காருக்கு அடியிலிருந்து வெளியே வராமலே, “லீவு முடியட்டும்” என்றார்.

அந்த விடுமுறையில் என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லாததால் சவாரிக்கெல்லாம் கூடவே கூட்டிப்போனார். எனக்கு அது பிடித்திருந்தது. நின்றுபோகும் என்று பெயர் வாங்கிவிட்ட காருக்குச் சவாரி குறைந்துகொண்டே வந்தது. ஸ்டாண்டில் அதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்: ‘பொண்டாட்டியைத் தின்ன வண்டி’. அப்பா காதில் விழாது என்று நினைத்துத்தான் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. கேட்காத மாதிரி அவரும் இருந்தார், நானும் இருந்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள், ஒரு பருத்தி வியாபாரி பசுவந்தனைக்குப் போகவேண்டும் என்று வந்தார். காலையில்தான் டேங்க் நிரப்பியிருந்தது. பாதி தூரம்கூடப் போகவில்லை. வண்டி இருமி நின்றது. வியாபாரி கொஞ்ச நேரம் பொறுமையாக இருந்தார். பின்னால் ஒரு டவுன் பஸ் வருவது தெரிந்ததும் இறங்கிக் கையைக் காட்டினார்.

“தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. அங்கன ஆளுக காத்துக்கிட்டிருக்காவ. நான் இதுலயே போயிருதேன்.”

பஸ் போன பிறகு அந்த ரோட்டில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். இரண்டு பக்கமும் பருத்திமார் பிடுங்கிய வெற்றுக் காடு, கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. ஒரு மரம் கிடையாது, ஒரு ஆடு கிடையாது. அப்பா பானெட்டைத் திறந்து, கார்பரேட்டருக்குப் போகும் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, பம்பின் அடியில் இருக்கும் சின்ன லீவரைக் கையால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் குழாயிலிருந்து பெட்ரோல் பீச்ச வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. டேங்க் நிறைந்திருக்கிறது, பம்பு புதியது, குழாயில் அடைப்பில்லை, ஆனாலும் பெட்ரோல் ஏறவில்லை. அவர் நிமிர்ந்து காட்டைப் பார்த்தபடி நின்றார். முகத்தில் கோபம் ஒன்றுமில்லை. ஊர் பேர் தெரியாத இடத்தில் இறக்கிவிடப்பட்டவர் போல இருந்தார்.

பிறகு, வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால்தான் என்று நினைக்கிறேன், குழாயைப் பின்பக்கமாக ஊதிப் பார்க்கலாம் என்று முடிவு செய்து, டேங்க் மூடியைத் திறக்க வண்டியின் பின்னால் போனார். மூடி திருகவில்லை. துணியைப் போட்டுப் பிடித்து, பலத்தைக் கொடுத்துத் திருகினார். அது விட்டுக்கொடுத்தபோது ‘உஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது. டேங்க் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். முன்சீட்டிலிருந்த எனக்கே கேட்டது.

அப்பா வேகமாக முன்னால் வந்து அந்த லீவரை அடித்தார். பெட்ரோல் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது.

அது என்ன என்று எனக்குப் புரிந்தது பல வருஷங்களுக்குப் பிறகுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். அதற்காக மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். மாசி மாதத்தில் எங்கள் காரின் மூடி தொலைந்துபோய், அப்பா பழைய இரும்புக் கடையில் அளவு பார்த்து வேறொன்று வாங்கிப் போட்டிருந்தார். அதில் துவாரம் கிடையாது. காற்று நுழைய வழியில்லாத டேங்க் பெட்ரோலைப் பம்புக்குக் கொடுக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. நிறைய நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். நின்றபின் எங்காவது கசிந்து கொஞ்சம் காற்று புகுந்ததும் விட்டுக்கொடுக்கும். வண்டி நின்றபோதெல்லாம் அப்பா முன்னால்தான் ஓடினார். பின்னால் போய் அந்த மூடியை ஒரு தடவை திறந்து மூடியிருந்தால் போதும்.

அப்பா உடனே நம்பிவிடவில்லை. மூடியை இறுக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினார், வண்டி நின்றது. இறங்கித் திறந்தார், ‘உஸ்ஸ்’ என்றது, கிளம்பியது. திரும்பவும் மூடினார், திரும்பவும் நின்றது. அந்த வெயிலில், ஒருவருமில்லாத ரோட்டில், அவர் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மூடியைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு, டேங்க் வாயில் பழைய துணியைச் செருகிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

கோவில்பட்டி வந்தது. வீட்டுப் பக்கம் போகவில்லை. திருநெல்வேலி ரோட்டில் திரும்பினார். இடைசெவல் போயிற்று. அதற்கு அப்புறம் ஓரிடத்தில் அப்பாவின் கண் மட்டும் ரோட்டை விட்டுவிட்டு இடது பக்கத்துப் புளியமரங்களின் மேல் போய்த் திரும்பியது. வண்டி நிற்கவில்லை. கயத்தாறு போயிற்று. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. அந்தக் கார் அவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

வாட்ச்மேன் வந்து பின் சீட்டைக் குனிந்து பார்த்தார். “யாருக்குங்க சொகமில்ல?”

“யாருக்குமில்ல” என்றார் அப்பா. “சும்மாதான் வந்தோம்.”

வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அப்பா பேசினார். அம்மா போன பிறகு அவளைப் பற்றி அவர் சொன்ன முதல் பேச்சு.

“அவ கூப்பிட்டாம்மா. வண்டி நின்னுக்கிட்டிருக்கச்சுல பின்னாடியிருந்து கூப்பிட்டா. ‘வண்டி கெடக்கட்டும், இங்கன வந்து இருங்க’ன்னா. ரெண்டு மட்டம் சொன்னா. நான் இந்தா வாரேன், இந்தா வாரேன்னு பானெட்டுக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு நின்னேன்.”

அவர் கையைப் பிடிக்கவேண்டும் என்று தோன்றியது. கை ஸ்டியரிங்கில் இருந்தது. பிறகு அவரே, “பசிக்குதா?” என்று கேட்டார். எதிர்ப்புறத்துக் கடையில் இட்லி வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை.

கோளாறு தெரிந்துவிட்டது, இனி வண்டி நிற்காது, சவாரி வரும், அதனால் நானும் அவரோடு இருந்துவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஆனால் அந்த வாரமே அப்பா காரை விற்றுவிட்டார். ஓடாத வண்டியை விடாமல் கட்டிக்கொண்டிருந்தவர், ஓடத் தொடங்கியதும் ஏன் விற்றார் என்று ஸ்டாண்டில் யாருக்கும் விளங்கவில்லை. வாங்க வந்தவரிடம் டேங்க் மூடியை மட்டும் தனியாகக் காட்டி, அதில் தான் போட்டிருந்த துவாரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். “தூசி அடைக்கும். ஊசி வச்சிக் குத்தி விடுங்க. மறந்துராதீங்க” என்று வாங்கியவர் தெரு திரும்பும்வரை சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

ஜூன் மாதம் நான் தூத்துக்குடி ஹாஸ்டலுக்குப் போனேன். அப்பா ஒரு தீப்பெட்டி ஆபீஸில் லாரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பின் சீட்டு இல்லாத வண்டி. பார்வையாளர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவார். மரத்தடியில் என் எதிரே உட்கார்ந்து, சாப்பாடு எப்படி, படிப்பு எப்படி என்று கேட்பார். நான் பதில் சொல்வேன். பிறகு இரண்டு பேரும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். மணி அடித்ததும் எழுந்து, “வாரேம்மா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். அவர் திரும்பிப் பார்க்காததற்கு நான் வெகுநாள் வருத்தப்பட்டிருக்கிறேன்.

பெரியவளாகி வேலைக்குப் போன பிறகு, இருதய நோய் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அம்மாவுக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக் கேட்டேன். அந்தக் காலத்து வசதிக்கு, வண்டி நிற்காமல் போயிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் அவர். அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். எத்தனையோ வருஷமாகச் சுமந்துகொண்டிருப்பதை இறக்கிவைப்பார் என்று எனக்கு எதிர்பார்ப்பு. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிம்மா” என்றார். பிறகு, “அது எனக்குந் தெரியும். அவ பக்கத்துல நான் போயி இருந்திருக்கலாம், அதைத்தான் சொல்லுதேன்” என்றார். அவருக்கு எந்த இடம் வலித்துக்கொண்டிருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு, போன மாதம் கோவில்பட்டியிலிருந்து நானே காரை ஓட்டிக்கொண்டு தெற்கே போனேன். இப்போதைய கார்களில் கார்பரேட்டர் இல்லை, கையால் அடிக்கிற லீவர் இல்லை. பெட்ரோல் ஏறுகிறதா என்பதை ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஏதாவது என்றால் ஒரு விளக்கு எரியுமாம், எனக்கு இதுவரை எரிந்ததில்லை. ரோடு நான்கு வழியாகிவிட்டது. புளியமரங்களை அப்போதே வெட்டிவிட்டார்கள். இடைசெவல் பக்கத்தில் ஒரு பெயர்ப் பலகையாக வந்து போயிற்று. அதற்கு அப்புறம் நான் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் பார்த்துக்கொண்டே போனேன். அம்மா இருந்த வண்டி நின்றது இங்கேதான் என்று சொல்ல ஒரு மரமோ கல்லோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரும்புத் தடுப்பும், அதற்கு அப்பால் உழுது போட்ட கரிசலும் ஒரே மாதிரி நீண்டுகொண்டே போயின. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. ஓரங்கட்டி நிறுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்துவது? அதைத் தெரிந்திருந்த ஒரே மனிதர் இப்போது இல்லை. கயத்தாறுக்குத் திரும்பும் பலகை தெரியும்வரை மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.