சித்தப்பாவின் ஜப்பான் பாஷை

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று கனடாவில், மில்லிக்கன் பகுதியில் மூன்று கடைகளுக்கு முதலாளி. மூளை படிப்பால் வருவதல்ல. பத்து வயதிலேயே எங்கள் குடும்பத்தின் மொழிபெயர்ப்பாளன் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆங்கிலம் வராத சித்தப்பா மல்வேர்னில் எங்கள் வீட்டில் எங்களோடு இருந்தார். கனடாவுக்கு வருமுன் மூன்று வருடம் ஜப்பானில் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். ‘அங்கேயே அகதி அந்தஸ்து கேட்டிருக்கலாமே’ என்று இங்கே மறுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், கொழும்பிலிருந்து நேரே வந்ததாக வக்கீலிடம் எழுதிக் கொடுத்திருந்தார். வழக்கு வென்றால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த சித்தியையும் குழந்தையையும் கூப்பிடலாம். இவையெல்லாம் நான் பிறகு அறிந்தவை.

அன்று நான் அறிந்தது அவருடைய ஜப்பான் பாஷையைத்தான். “எங்கட ஆக்களுக்கு வயிறு எரியும். அவங்களுக்குக் கோவம் வந்தா வயிறு எழும்பி நிக்குமடா,” என்பார். வெட்கப்பட்டால் முகத்தில் நெருப்புப் பறக்குமாம். ஆவலாகக் காத்திருந்தால் கழுத்து நீளுமாம். திடுக்கிட்டால் இடுப்பே கழன்றுவிடுமாம். எல்லாவற்றையும் அந்தப் பாஷையிலேயே ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டேன். “வெளியில வாய் திறக்காதை,” என்றார். வித்தையைப் பூட்டி வைக்கிறார் என்று நினைத்தேன்.

ஒருநாள் மொழிபெயர்க்க அவரோடு போனபோது, வக்கீலின் அலுவலகத்தில் முன்மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தொலைபேசியில் அவள் பேசியது ஜப்பான் பாஷை, கேட்டதுமே பிடித்துவிட்டேன். விடுவேனா? அவள் போனை வைத்ததும் முன்னால் போய் நின்று, “குபி ஓ நகாகு ஷித்தே மத்தே இமாஸ்,” என்றேன். கழுத்து நீளக் காத்திருக்கிறேன் என்று அர்த்தம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டாள். சித்தப்பாவைக் காட்டினேன். அவள் அவரிடம் அந்தப் பாஷையில் ஏதோ கேட்டாள்.

சித்தப்பா கதிரையிலிருந்து சடாரென்று எழும்பினார். இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்து, அதே பாஷையில் மறுமொழி சொன்னார். மூன்று வருடப் பழக்கம். நிமிர்ந்தபோது கோப்போடு வாசலில் வக்கீல் நின்றார்.

ஜப்பானில் எவ்வளவு காலம் இருந்தார் என்று கேட்கும்படி வக்கீல் என்னிடம் சொன்னார். கேட்க என்ன இருக்கிறது? மூன்று வருடம் என்று நானே சொல்லிவிட்டேன்.

சித்தப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. “டேய், என்னடா சொன்னனி?”

“உங்களைப் பற்றிப் பெருமையாத்தான் சொன்னனான், சித்தப்பா.”

வக்கீல் கோப்பின் முதல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். எல்லாம் முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். அதையும் பிழையில்லாமல் தமிழாக்கினேன். சித்தி வந்து சேர மேலும் இரண்டு வருடம் பிடித்தது.

பஸ்ஸில் எங்கள் நிறுத்தம் வந்ததுகூடத் தெரியாமல் சித்தப்பா கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான்தான் மணியை அடித்தேன். என் திறமையைக் கண்டுதான் இப்படித் திகைத்துப்போனார் என்று நினைத்தேன்.

“அப்பாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, சித்தப்பா,” என்றேன். “நான் சொன்னா நம்பமாட்டார்.”