உள்ளங்கையில் வைத்த மாத்திரை

"ஜெப விண்ணப்பம். ஜூலை 6. நான்கு நாளாகத் தலைவலி. கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்ததுபோல் வெட்டுகிறது. எனக்காக ஜெபியுங்கள். – ஜெயா."

சென்ற ஆண்டு எங்கள் ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் நான் போட்டது இது. முதல் 'ஆமென்' என் கணவர் டேவிட்டுடையது. அப்போது அவர் பக்கத்து அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் குடியிருக்கிறோம். ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. தேதி போடாத, கையெழுத்து இல்லாத எந்தப் பெட்டியும் என் மேஜையைத் தாண்டாது. வீட்டிலும் அதே பழக்கம். எது நடந்தாலும் காலண்டரில் குறித்துவிடுவேன்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்குக் கடுமையான மனச்சோர்வு வந்தது. வாழவே வேண்டாம் என்று சொன்ன நாட்கள் அவை. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெண் மருத்துவர் மாத்திரை கொடுத்தார். "இப்போதைக்கு இது உங்க கையிலேயே இருக்கட்டும்" என்று அட்டைகளை டேவிட்டிடம் ஒப்படைத்தார். நான் தேறிய பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நீடித்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவர் ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பார். தண்ணீர் தருவார். நான் பார்க்காமலே விழுங்குவேன். தொழிற்சாலையில் ஒயர் முனையில் இருக்கும் சின்னப் பின்னைக்கூட இரண்டு முறை பார்க்கிறவள், அதை ஒரு முறையும் பார்த்ததில்லை.

தலைவலிக்கு என்னென்னவோ காரணம் தேடினேன். காப்பியை விட்டேன். கண்ணாடியை மாற்றப் போனேன். பவர் மாறவில்லை என்றார்கள். கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். மனநல மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படி வரும் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. நான்தான் நிறுத்தவில்லையே என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

"இன்னாடி ஜெயா, கனெக்டரை செக் பண்றியா, இல்ல அதுக்கு ஜெபம் பண்றியா?" என்று சூப்பர்வைசர் கலா கிண்டல் செய்வாள். ஒருநாள், பின் சரியாக உட்காராத கனெக்டர் ஒன்றை நான் பாஸ் போட்டுவிட்டேன். அவள்தான் பிடித்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை. "கொஞ்ச நாளு பேக்கிங்ல இரு. திரும்பவும் இப்படி ஆச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று இருந்தது. கம்பெனி பஸ்ஸில் காரணமில்லாமல் அழுகை வந்தது. அந்தப் பழைய இருட்டு திரும்பி வருகிறதோ என்று நடுங்கினேன். வாரந்தோறும் ஜெபக்கூட்டத்தில் ரூத் அக்கா என் நெற்றியில் எண்ணெய் பூசுவார். தன் வீட்டில் குழுவை நடத்தும் தேவதாஸ் அண்ணனின் மனைவி அவர். "இன்னும் வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து ஜெபிப்பார். டேவிட்டும் முழங்காலில் நின்று ஜெபிப்பார்.

ஜூலை 24 காலை. பஸ் ஒரகடம் சந்திப்பில் நின்றிருந்தது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, "ஆண்டவரே, வலி போகாவிட்டாலும் தாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று மட்டும் எனக்குச் சொல்லும்" என்று கேட்டேன்.

அவர் அந்த வாரமே சொன்னார். நான் நினைத்த வழியில் அல்ல.

ஜூலை 27 கூட்டத்தில் தேவதாஸ் அண்ணன் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "எல்லாரும் பாருங்க. நம்ம ஜெயா சிஸ்டர் நாலு வாரமா மாத்திரையே போடல. அவங்களுக்கே தெரியாது! மாத்திரை இல்லாமலே நல்லா கீறாங்க. அல்லேலூயா!"

எல்லோரும் கைதட்டினார்கள். டேவிட் ஒரு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினார். உள்ளே என் மாத்திரை அட்டைகள், பிரிக்காமல். இத்தனை நாளும் என் கையில் வைத்தது அதே அளவில், அதே வெள்ளையில் ஒரு சத்து மாத்திரை. சந்தோஷத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார். நான் சாட்சி சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"அப்போ என் தலைவலி?" என்றேன்.

"அது சோதனை சிஸ்டர். தாண்டி வந்துடுவீங்க."

"அண்ணே, உங்க பிரஷர் மாத்திரை எங்க?"

"அது வேற சிஸ்டர்."

"குடுங்க. அதையும் இந்தக் கவர்லயே போட்டுடலாம்."

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். டேவிட் பின்னாலேயே ஓடிவந்தார்.

"உன்ன நெனச்சுத்தான் ஜெயா பண்ணேன். ஆயுசுக்கும் மாத்திரையோட இருக்கணுமா நீ?"

"நெனச்சே. கேட்டியா?"

என் தலைவலி எதனால் என்று தெரிந்திருந்த மனிதர், அது தீர வேண்டும் என்று என் பக்கத்திலேயே முழங்காலிட்டார். நோய்கூட என்னை இப்படி உடைத்ததில்லை.

மறுநாளே மருத்துவரைத் தேடிப் போனேன். திடீரென்று நிறுத்தியதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் இந்த வலி என்றார். மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். "விடணும்னா நாம சேர்ந்தே விடலாம்மா. கொஞ்சம் கொஞ்சமா. நீங்களா நிறுத்தாதீங்க, யாரையும் நிறுத்தவும் விடாதீங்க." சில நாட்களில் அந்த வெட்டு நின்றது. அடுத்த மாதமே என் மேஜைக்குத் திரும்பினேன். இப்போது அவர் சொல்கிறபடி அளவு மெல்லக் குறைகிறது. இடையில் வலி எட்டிப் பார்த்தால் தண்ணீர் குடித்து, விளக்கை அணைத்துப் படுக்கிறேன். மருத்துவரிடம் சொல்லியும் விடுகிறேன். மாத்திரை என் அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம்.

டேவிட் மன்னிப்புக் கேட்டார். மன்னிக்கத் தொடங்கியிருக்கிறேன், இன்னும் முடிக்கவில்லை. அந்தக் குழுவுக்குப் போவதில்லை. சபைக்குப் போகிறேன், ஆண்டவரைத் துதிக்கிறேன். என்னை ஏமாற்றியவர்களின் வாயாலேயே எனக்கு உண்மையைச் சொன்னவர் அவர். இதை வாசிக்கிறவர்களே, அவரை நம்புங்கள். ஏன் என்று அவரிடம் கேட்க அஞ்சாதீர்கள். மாத்திரை போடுவதால் அவர் உங்களைக் குறைவாக எண்ணமாட்டார். மனிதர் கையில் தருவதை மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஒன்று மட்டும் இன்னும் தெரியவில்லை. ரூத் அக்கா தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். தானும் தேவதாஸ் அண்ணனும் மாத்திரையை மாற்ற முடிவெடுத்தபோது ரூத் அக்காவும் இருந்தார் என்கிறார் டேவிட். தன் மனைவி உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள் என்கிறார் தேவதாஸ் அண்ணன். மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டேன். என் தலையில் கைவைத்தபோது ரூத் அக்காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதை இதை எழுதும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.