டிசீஸ்டு என்றால் இருக்கிறாரா, இல்லையா?

அடுத்தவர் கஷ்டத்தை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தில் டைப்பிங் கடை. இங்கே ஜனங்கள் பேசுவது தமிழ், ஆபீசில் எழுதுவது மலையாளம். நடுவில் சமாதானத்துக்கு இங்கிலீஷ். காதுக்கு ஒன்றாகவும் காகிதத்தில் வேறாகவும் இருக்கும் இங்கிலீஷ் சொற்களிடம் மாட்டி முழித்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தம். வாருங்கள், என் மானம் போன கதையைக் கேளுங்கள்.

நிற்கும் கடை

நோட்டு, பேனா விற்கும் பாய் தன் கடைக்குப் புது போர்டு போட எழுதிக் கேட்டார். 'ஸ்டேஷனரி'யில் 'இ' வர வேண்டிய இடத்தில் 'ஏ' போட்டுக் கொடுத்துவிட்டேன். போர்டு மாட்டிய பிறகு ஒரு காலேஜ் பெண் வந்து, இதற்கு 'நகராமல் நிற்பது' என்று அர்த்தம் என்றாள். பதறிப்போய் பாயிடம் ஓடினேன். அவர் போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"பதினெட்டு வருசமா கடை அதே எடத்துலதானே நிக்குது. பொய் இல்லையே, இருக்கட்டும் விடும்மா."

ஊசியோடு வந்த டாக்டர்

ஒரு விவசாயியின் கறவை மாடு செத்துப்போனது. இன்சூரன்ஸுக்கு மனு. 'செத்தது' என்பதை மரியாதையாகச் சொல்வோமே என்று 'டிசீஸ்டு' என்று அடித்தேன். அதில்தான் வினை. டி.இ.சி. என்று தொடங்கினால் காலமானது; டி.ஐ.எஸ். என்று தொடங்கினால் நோயுற்றது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றேதான். நான் அடித்திருந்தது நோயுற்றது. மறுவாரம் அவர் கடைக்கு வந்தார். பாவம், கோபிக்கக்கூட இல்லை.

"ஏனம்மிணி, டாக்டரு ஊசியும் கையுமா வந்து மாடு எங்கீன்னு கேக்கறாரு. நான் குழியக் காட்டுனேன்."

செல்வியின் பொட்டு

மாட்டுக்குப் பிறகு டி.இ.சி. என்றே விரல் பழகிவிட்டது. அந்த விரலோடுதான் செல்விக்கு மனு அடித்தேன். அவள் கணவனுக்குக் கிட்னி கெட்டுப்போய் டயாலிசிஸ். சிகிச்சை உதவி கேட்டு மனு. மனு கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் எங்கள் சித்தூர் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனவள், அதே காகிதத்தோடு திரும்பி வந்து நின்றாள். இறந்தவருக்கு எதற்கு சிகிச்சை, மரணச் சான்றிதழ் கொண்டு வா என்று சொல்லிவிட்டார்களாம்.

"பொட்டு வெச்சுட்டுப் போயிருந்தேனுங்க அக்கா. அந்த சாரு என் நெத்தியையும் காயிதத்தையும் மாத்தி மாத்திப் பாத்தாருங்க" என்றாள்.

இரண்டு எழுத்தை மாற்றி அடித்து, கடையைப் பூட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவளோடு போகக் கிளம்பினேன். வெளியே ஆட்டோவில், வரும் வழியில் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் ஏற்றிக்கொண்டு வந்த கணவன் கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அவனிடம் மன்னிப்புக் கேட்கப் போன என்னை, செல்வி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் போனோம். தப்பு என்னுடையது என்று நானே அந்த மேசை முன்னால் நின்று சொன்னேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போதுதான் ஏன் என்னைத் தடுத்தாள் என்று கேட்டேன்.

"பேரு தப்பா விழுந்துருச்சுன்னுதானுங்க அவருகிட்ட சொல்லியிருக்கேன். அவரு இல்லீன்னு ஒரு காயிதம் சொல்லுச்சுன்னு அவருக்குத் தெரியவே வேண்டாமுங்க."

அன்றிலிருந்து என் கடையில் நோய் என்றால் 'சிக்', சாவு என்றால் 'டெட்'. இதைவிட மரியாதையான இங்கிலீஷ் வேண்டுபவர்கள் தயவுசெய்து வேறு கடை பார்த்துக்கொள்ளலாம்.