மூடாத சோமாசி

2026 ஜனவரி 25, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து வாசல் தெளித்தேன். ஆறேகாலுக்குப் பால் வாங்கினேன். பத்து மணிக்கு, எங்கள் ஊரான அபிராமத்தில் யாரும் கேட்காத ஒரு பண்டத்தைச் செய்யத் தொடங்கினேன். அடியில் மாவுத் தகடு, அதில் பிரெஞ்சுக்காரர் முறையில் பாதாம் பூரணம், அதன்மேல் அத்திப்பழமும் பேரீச்சையும். மேலே ஆஸ்திரியாக்காரர் வழக்கப்படி மாவுப் பட்டைகளைப் பாய்போலப் பின்னி, ஓவனில் சரியாக நாற்பது நிமிடம் வைத்தேன்.

இத்தனையும் என் கணவரின் அக்காவுக்காக. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் சமையலை நன்றாக இருக்கிறது என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. தெரிந்த பண்டத்தில்தானே குறை கண்டுபிடிக்க முடியும்? தெரியாததை வைத்தால் பாராட்டுவதைத் தவிர வேறு வழியிருக்காது என்பது என் கணக்கு.

நான்கு மணிக்கு வந்தவர் தட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னத்தா இது, சோமாசிய மூடாமயே விட்டுட்ட?"

"இது அப்படித்தான் மதினி. ரெண்டு நாட்டுப் பண்டத்தச் சேத்துச் செஞ்சது."

"ரெண்டு நாட்டுக்காரனுக்குமா மூடத் தெரியல?"

இரண்டு துண்டு சாப்பிட்டார். வீணாய்ப் போய்விடும் என்ற கவலையில் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது பையிலிருந்து காலி டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினார்.

"மிச்சத்த இதுல போடு. உங்க அண்ணன்கிட்ட காட்டணும். சொன்னா நம்ப மாட்டாரு."

தன் கணவர் எதை நம்பமாட்டார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரு துண்டுகூட மிஞ்சாததால், நன்றாக இருந்ததா என்பது எனக்கும் தெரியாது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கால் கிலோ பாதாமை வெந்நீரில் ஊறவைத்தேன்.