அறுபத்திரண்டாம் தறி

எங்கள் ஊர் விசைத்தறிக் கூடம் ஒன்றில் தறிக்கு ஒரு பெட்டி மாட்டினேன். எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரியும். நெட்வொர்க்கை நான் யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. போனில் பார்த்துப் பழகினதுதான்.

சப்நெட் மாஸ்க் என்றால் தெருவுக்கு எல்லைக்கல் நடுகிற மாதிரி. 192 என்று முடிகிற மாஸ்க்குக்கு அறுபத்து நான்கு வீட்டு எண்கள், பூஜ்யத்திலிருந்து அறுபத்து மூன்று வரை. கம்ப்யூட்டருக்கு ஒன்று; அறுபத்திரண்டு தறிகளுக்கும் இரண்டிலிருந்து அறுபத்து மூன்று வரை. கச்சிதம் என்று நினைத்தேன்.

திரையில் எல்லாம் பச்சை. கடைசித் தறி மட்டும் சிவப்பு, 'நிற்கிறது' என்று.

முதலாளி சொன்னார்: "அந்தம்மா தறிய ஓட்டவே மாட்டேங்கா வே. நாளைக்கு வேற ஆளப் போடுதேன்."

நான் கூடத்துக்குள் போனேன். மத்தியான வெயில் ஓட்டு இடுக்கில் இறங்கி, பஞ்சுத் தூசியில் மிதந்துகொண்டிருந்தது. அத்தனை தறிச் சத்தமும் சேர்ந்து, தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. கடைசித் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"காலைலேர்ந்து ஓட்டிக்கிட்டுதான் நிக்கேன். ஒங்க பொட்டிக்குக் கண்ணு அவிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்றார் அதை ஓட்டுகிற அக்கா.

பெட்டியை மாற்றினேன். அப்போதும் சிவப்பு. அறுந்த ஓர இழையை முடிந்துகொண்டிருந்த அவரிடம், அதிலும் பூ வருமா என்று சும்மா கேட்டேன்.

"ரெண்டு ஓரத்துலயும் யாராவது பூப் போடுவாங்களா? அது துணியப் பிடிச்சிக்கிட்டு நிக்கதுக்குலா."

என் தெருவுக்கும் இரண்டு ஓரம் உண்டே. முதல் எண் தெருவின் பெயர். கடைசி எண் எல்லாரையும் ஒரே குரலில் கூப்பிட. இரண்டிலும் யாரையும் குடிவைக்க முடியாது. நான் அக்காவைக் கடைசி எண்ணில் குடிவைத்திருந்தேன்.

முதலாளியிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். "அவளப் போகச் சொல்லிருப்பேன்லா வே," என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

192ஐ 128 ஆக்கினால் தெரு இரண்டு மடங்கு, நூற்று இருபத்தெட்டு எண்கள். அறுபத்து மூன்று நடுவீடாகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு பெட்டியாக மாற்றினேன். சத்தம் நின்ற கூடம் தூங்குகிற வீடு மாதிரி இருந்தது.

மணி அடித்ததும் அக்கா சுவிட்சைப் போட்டார். திரையில் கடைசிக் கட்டம் மெல்லப் பச்சையானது. முதலாளி எழுந்து கூடத்துக்குள் வந்து அக்காவிடம், "நீ நாளைக்கும் இங்கனதான்," என்றார்.

"நான் எங்கன போனேன்?" என்றபடி அக்கா இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.