இறால் கொம்பு

பொன்னேரியில் காது மருத்துவர் நீட்டிய எஃகுத் தட்டில் கிடந்த இரண்டையும் முதலில் காராமணி விதைகள் என்றே நினைத்தேன். அவ்வளவு கருப்பு, அவ்வளவு கெட்டி. எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக இறால் கொண்டுவரும் அக்காவின் காதுகளிலிருந்து அவை அப்போதுதான் வெளியே வந்திருந்தன.

அக்காவும் அவருடைய கூட்டத்துப் பெண்களும் பழவேற்காட்டு ஏரியில் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். கண் முன்னால், கை சேற்றில். பின்னால் வரும் மோட்டார் படகுக்குக் காது ஒன்றே காவல். சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு அக்காவுக்கு அது மங்கிவிட்டது. ஒருநாள் படகு இடிக்கும் தூரத்துக்கு வந்தும் அவர் திரும்பவில்லை. நாத்தனார்தான் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். "ஊட்லயே கெட அண்ணி. உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" அதோடு கூட்டம் அவரை ஏரியில் இறங்கவிடவில்லை. அக்காவுக்கு வேறு தொழில் தெரியாது.

என்னிடம் வந்தார். சுகாதாரத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் படிவத்துக்கு எந்த முத்திரை என்று தூக்கத்திலும் சொல்வேன். மாத உதவித்தொகைக்கு வேண்டிய செவித்திறன் குறைபாட்டுச் சான்றுக்கான விண்ணப்பத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்பினேன். விண்ணப்பம் சரியாக இருந்தால் விண்ணப்பதாரரும் அதற்கேற்ப இருப்பார் என்பது எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் நம்பிக்கை. அந்தக் காதுக்குள் ஒருமுறை யாராவது பார்க்கட்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மருத்துவர் என் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு விளக்கை வைத்துப் பார்த்தார். "காதுல இன்னாம்மா வுடுவே?" என்று கத்திக் கேட்டார். அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பெரிய இறால் தலையின் காய்ந்த கொம்பைப் பெருமையாக எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் ரம்பப் பல். "தண்ணி பூந்தா அரிக்கும் சார். தெனம் இத வுட்டு கொடைஞ்சி சுத்தமா வெச்சிப்பேன்." அழுக்கு தானாகவே வெளியே வந்துவிடும், குடையக் குடைய அது உள்ளேதான் போகும், ஏரித் தண்ணீர் பட்டு ஊதி அடைத்துக்கொள்ளும் என்றார் மருத்துவர். ஐந்து நாள் சொட்டு மருந்து. மறுமுறை போனபோது வெதுவெதுப்பான நீரைப் பீய்ச்சி அந்த இரண்டையும் எடுத்தார். "இனி தலையைச் சாய்ச்சுத் தண்ணிய வடியவுடு. துணியால வெளிய மட்டும் தொடை" என்று பழைய வழக்கத்தில் உரக்கச் சொன்னார்.

"எதுக்கு டாக்டரே கத்துற? எனுக்கு இன்னா, செவிடா?" என்றார் அக்கா.

மறுவாரம் அவரோடு நானும் ஏரிக்கரைக்குப் போனேன். நாத்தனார் அரை மனதோடு, தன் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அக்கா வாயிலிருந்த பறியை எடுத்தார். "படகு வர்துடி, ஒதுங்குங்க!" எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் நம்பாமலே ஒதுங்கினார்கள். பிறகுதான் புதர்த் திட்டைச் சுற்றிக்கொண்டு படகு வந்தது.

"இன்னா அண்ணி, எங்களுக்கே கேக்கல!"

"கேக்கும் கேக்கும். காலைல வரப்போ 'டமாரச் செவிடு வந்துடுச்சி'ன்னியே, அதுவும் கேட்டுச்சி."

ஏரியே சிரித்தது. இப்போதெல்லாம் கூட்டம் இறங்கும்போது படகுப் பாதையை ஒட்டிய வெளி ஓரத்தில் அக்காதான் உட்காருகிறார். அந்த இடத்தைக் காட்டியவர் நாத்தனார்.