எதிர்க்கடை டெரன்ஸ் எனக்கு விற்றுத் தந்த கொன்சோல்கள்

கேம் கொன்சோல் விற்பவருக்குச் சரக்கைவிட முக்கியமானவர் போட்டியாளர். அவர் எப்போது சறுக்குவார் என்பதில்தான் நம் சோறு இருக்கிறது.

கடை வைத்து நொந்துபோன அன்பர்களே, கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த டெரன்ஸ், வெள்ளவத்தையில் என் கடைக்கு நேரெதிரே கடை திறந்த ஆண்டில் என் குத்தகை முடியவிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் வரும் வியாபாரம் கைகொடுத்தால் புதுப்பிப்பது, இல்லையேல் கடைத் திறப்பை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வீட்டிலிருப்பது என்று தீர்மானித்திருந்தேன்.

கண்ணாடிக்குள் காற்பந்து

பரீட்சை முடியும்வரை எந்தத் தாயும் கொன்சோல் வாங்கமாட்டார். அது முடித்த பிள்ளைக்குரிய பரிசு. டெரன்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆதலால் இது தெரியவில்லை. பரீட்சை நெருங்கும் வேளையில், கண்ணாடிக்குப் பின்னே ஆளுயரத் திரை வைத்து, நாள் முழுவதும் காற்பந்து விளையாட்டை ஓடவிட்டார். அவருடைய கடைக்கு மேல்மாடியில் டியூஷன் வகுப்பு. கணிதம் படிக்க வந்த மாணவர்கள் படியேறவே இல்லை.

தாய்மார் திரண்டு வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். பிறகு வீதியைக் கடந்து வந்து, என் கடை அமைதியாகக் கிடப்பதைக் கண்டு நெகிழ்ந்தார்கள். என் திரை பழுதுபார்க்கப் போயிருந்ததை நான் சொல்லவில்லை. ஒரு தாயார் என் கையையே பற்றிக்கொண்டார்: "நீங்களல்லோ மனச்சாட்சி உள்ள ஆள்! சோதினை முடியட்டும் அக்கா, உங்களிட்டத்தான் வாங்குவன். அந்த மனிசன்ட கடைப் படி மிதிக்கமாட்டன்."

கட்டாயக் கமரா

புதிய கொன்சோல் முதலில் டெரன்ஸுக்கே வந்தது. என் பெட்டிகளோ துறைமுகத்தில் யாருடைய கையொப்பத்துக்கோ காத்துக்கிடந்தன. என்னை முந்திக்கொண்ட மகிழ்ச்சியில் டெரன்ஸ், உடலசைவைப் பார்த்து இயங்கும் கமராவையும் சேர்த்து வாங்கினால்தான் கொன்சோல் என்று விதித்தார். அந்தக் கமராவுக்கு முன்னே நன்றாகத் தள்ளி நின்று ஆட வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டு ஹோலில் தள்ளி நிற்க இடம் ஏது?

தமக்கென்று ஒன்றை வாங்கிய வங்கி ஊழியர் ஒருவர், டெரன்ஸ் அதைத் திருப்பி எடுக்க மறுக்கவே, என்னிடம் வந்து முறையிட்டார்: "அது என்னை முழுசாப் பார்க்கோணுமெண்டா நான் குசினிக்குள்ள போய் நிக்கோணும், மிஸ். அங்க நிண்டா மனிசி தேங்காய் துருவச் சொல்லுறா."

கடைசி வினாத்தாள்

இந்த ஊரில் ஒருவரும் எதையும் வாங்கப்போவதில்லை என்று வெறுத்துப்போன டெரன்ஸ், கடையைப் பூட்டிவிட்டு ஊழியர்களோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனார். மறுநாள் காலையில் துறைமுகம் என் பெட்டிகளை விடுவித்தது. கமரா இன்றியே வந்திருந்தன. அன்று பிற்பகல் பரீட்சை முடிந்தது. பேனா மை காயாத விரல்களோடு மாணவர்களும், வாக்குத் தவற வழியில்லாத தாய்மாரும் கடைக்குள் நெருக்கியடித்தார்கள். மாலைக்குள் பெட்டிகளை அடுக்கிய இறாக்கை வெறுமையானது. குத்தகையைப் புதுப்பித்தேன்.

டெரன்ஸ் நுவரெலியாவில் விளைந்த ஒரு கட்டு லீக்ஸோடு திரும்பி வந்து, அதை என் மேசையில் வைத்துவிட்டு, மரியாதையோடு சொன்னார்: "இவ்வளவு நாளும் சாமானை ஹாபர்ல ஒளிச்சு வச்சிட்டு, சரியான நாள் பார்த்து இறக்கினீங்களே அக்கா, இந்த மூளை எனக்கு வராது. அடுத்த முறை நானும் கப்பலைப் பிந்தி வரச் சொல்லப்போறன்."

ஆகவே அன்பர்களே, இத்தொழிலில் முந்துவதற்கு ஓட வேண்டியதில்லை. முன்னே ஓடுபவர் தடுக்கி விழும் இடத்தில் தற்செயலாக நின்றுகொண்டு, எல்லாம் தெரிந்தவர் போல் முகத்தை வைத்துக்கொண்டால் போதும்.